சிவப்புப் பேனையால் வெட்டிய வரி

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கிவிட்டார்கள். சுகந்தி மட்டும் வாசலில் நின்றாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அந்த வகுப்பறை. கீழே பஸ் நிற்கும்போதெல்லாம் மேசையில் கிடக்கும் வெண்கட்டித் துண்டு நடுங்கும். நான் மேசைவிசிறியை நிறுத்தப் போனேன். சுகந்தி, “ஒரு அஞ்சு நிமிசம் மிஸ்” என்றாள்.

மகளுக்கு வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையில் முதலாம் தர அனுமதி கிடைக்கவில்லையாம். மேன்முறையீடு எழுதியிருக்கிறாளாம். தமிழ் சரியா என்று பார்த்துத் தர வேண்டுமாம்.

நான் கதிரையில் இருந்து, பைக்குள் கையை விட்டுச் சிவப்புப் பேனையை எடுத்தேன். கோடு போட்ட தாள், வட்டமான எழுத்து, ஒழுங்காக விட்ட ஓரம். மூன்றாவது பந்திக்கு வந்தபோது என் கை நின்றது.

அதில் ஒரு வீட்டின் இலக்கம் இருந்தது. அந்த வீட்டில் நாங்கள் வசிப்பதாகக் காட்டித்தான் என் மகள் ஷெரினுக்கு அதே பாடசாலையில் இடம் எடுத்திருந்தோம். நாங்கள் குடியிருந்தது நகரின் மறுபக்கம், கொட்டாஞ்சேனையில்.

சுகந்திக்கு அது தெரியாது. மிஸ்ஸின் கணவர் பெயர் என்ன, பிள்ளையின் பெயர் என்ன என்று எந்த மாணவி விசாரிக்கப் போகிறாள்? அவள் என் முன்னால் நின்று, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்ற வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் வகுப்பறையைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன். இந்த வாரம் எழுதப்போவதை வாசித்த பிறகு அந்தப் பெருமையை நீங்களே கிழித்துப் போடலாம்.

பட்டப்பெயர் வைத்த ஞானிகள்

வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் படிப்பவர்களுக்கு நான் மேலைத்தேய மெய்யியல் சொல்லிக்கொடுத்தேன். கடையில் வேலை செய்பவர்கள், அரசாங்க வேலையிலிருந்து இளைப்பாறிய எழுதுவினைஞர்கள், பிள்ளை பெற்ற பிறகு படிப்புக்குத் திரும்பிய பெண்கள். பரீட்சைக்கு ஞானிகளின் பெயர்கள் வேண்டும். ஆனால் பெயர்களைக் கண்டாலே பாதிப் பேருக்குத் தலையிடி. அதனால் நான் பட்டப்பெயர் வைத்தேன். இங்கேயும் அவற்றையே வைத்துக்கொள்கிறேன்.

முதலாமவர் பயந்தவர். இங்கிலாந்துக்காரர். அரசும் சட்டமும் இல்லாவிட்டால் மனிதர் ஒருவரையொருவர் விட்டுவைக்கமாட்டார்கள் என்றவர். இரண்டாமவர் ஜெனீவாக்காரர். மனிதன் நல்லவனாகத்தான் பிறக்கிறான், கூட்டமாக வாழத் தொடங்கித்தான் கெட்டான் என்றவர். இப்படிச் சொன்னவர் தன் சொந்தப் பிள்ளைகளைப் பிறந்த கையோடு அநாதைகள் விடுதியில் விட்டவர் என்று நான் சொல்லும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர், “அப்ப பிள்ளைகள் நல்லாத்தான் வளர்ந்திருக்கும் மிஸ்” என்று சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

மூன்றாமவர் வெள்ளைத்தாள்காரர். பிறக்கும்போது மனம் வெறும் தாள், கண்ணும் காதும்தான் அதில் எழுதுகின்றன என்றவர். நாலாமவர் அடுப்படிக்காரர். குளிருக்குப் பயந்து சூடான அறைக்குள் தனியே இருந்து, எதையெல்லாம் சந்தேகிக்கலாம் என்று யோசித்தவர். ஐந்தாமவர் தராசுக்காரர். ஒரு செயல் எத்தனை பேருக்கு எவ்வளவு நன்மை தருகிறது என்று நிறுத்துப் பார்த்தால் போதும் என்றவர்.

ஆறாமவர் மணிக்கூட்டுக்காரர். ஜேர்மன்காரர். அவர் உலாவப் போவதைப் பார்த்து அயலவர்கள் மணிக்கூட்டைத் திருத்துவார்களாம். அவரிடம் தராசு இல்லை. எல்லோரும் இதைச் செய்யலாம் என்று நீ மனதார விரும்புவாயா, விரும்பாவிட்டால் நீயும் செய்யாதே. அவ்வளவுதான். கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்றவர்.

இந்த இடத்தில் வகுப்பு எப்போதும் கொதிக்கும். கொழும்புத் தமிழரிடம் கதவைத் தட்டும் கதையைச் சொல்லிவிட்டு அமைதியை எதிர்பார்க்கக்கூடாது.

நானும் அப்படித் தட்டிய ஒரு கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறேன். கலவர நாட்களில் எனக்கு ஏழெட்டு வயது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்கள் குடும்பத்தைத் தன் அறைக்குள் விட்டுப் பூட்டினார். வாசலில் வந்தவர்களுக்கு, “மெஹே கவுருத் நே” என்றார். இங்கே ஒருவரும் இல்லை. அறைக்குள் நெல் மூட்டை வாசம். அம்மாவின் உள்ளங்கை என் வாயில். அந்தப் பொய்யால்தான் நான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி மணிக்கூட்டுக்காரரைத் தோற்கடிப்பேன். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். பின்னால் அந்த அம்மாவின் பொய்யை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

ஐந்து வருடத்துக்கு முன்பே தொடங்கிய பொய்

இந்த ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நல்ல பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கே அதிக புள்ளி. அதைக் காட்ட வாக்காளர் இடாப்பில் பல வருடம் பெயர் இருக்க வேண்டும். அதாவது பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன்பே பொய்யை விதைக்க வேண்டும்.

என் கணவர் அன்ரனின் மாமி வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் தனியே இருந்தார். பிள்ளைகள் கனடாவில். ஷெரின் என் வயிற்றில் இருக்கும்போதே எங்கள் இருவரின் பெயரையும் அந்த வீட்டு இலக்கத்தில் பதிந்தோம். மாமி மறுக்கவில்லை. “எல்லாரும் செய்யிறதுதானே பிள்ளை” என்றார்.

எனக்கு அது போதுமாக இருக்கவில்லை. படித்தவள் அல்லவா. ஆகவே என் ஞானிகளிடம் ஒவ்வொருவராகப் போய் அனுமதி வாங்கினேன். பயந்தவர் உடனே தந்தார். விண்ணப்பம் கொடுக்கும் வரிசையில் பெற்றோர் முழங்கையால் இடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருந்தால் அவருக்கு வேறு சான்று தேவைப்பட்டிருக்காது. தராசுக்காரரும் தந்தார். என் பிள்ளைக்கு இவ்வளவு நன்மை. நட்டம் யாருக்கு? முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு. ஜெனீவாக்காரர் குற்றத்தைச் சமூகத்தின் தலையில் போட்டார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவையும் இழுத்து வந்து சாட்சிக்கு நிறுத்தினேன். பொய்யால் உயிர் பிழைத்தவள் நான், ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

மணிக்கூட்டுக்காரர் மட்டும் தரவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கட்டில் ஆடும் என்று சொன்ன குழந்தை

வீட்டைப் பார்வையிட வருவார்கள் என்று தெரிந்ததும் மாமியின் வீட்டை எங்கள் வீடாக்கினோம். கோப்பைக்குள் மூன்று பற்தூரிகை. கொடியில் ஷெரினின் சட்டைகள். வாசலில் அவளுடைய சின்னச் செருப்பு. மாமியின் மூத்த மகனின் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றிவிட்டு எங்கள் கல்யாணப் படத்தை மாட்டினோம். எங்கள் படம் சிறியது. சுற்றிவர பழைய படத்தின் வெளிறிய சதுரம் தெரிந்தது. அன்ரன் அதை மறைக்க ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டார்.

இரண்டு பேர் வந்தார்கள். கோப்பு வைத்திருந்த ஒருவர், இளநீலச் சேலை கட்டிய ஓர் ஆசிரியை. கோப்புக்காரர் தாள்களைப் புரட்டினார். ஆசிரியை ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை எங்கே படுக்கிறது என்று கேட்டார். ஷெரின் அவரை உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதுவரை நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

“இந்தக் கரையில ரயில் போகுமே, பயமில்லையா?” என்று ஆசிரியை கேட்டார். அது நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இல்லை. நான் அறை வாசலுக்கு வந்து நின்றேன்.

ஷெரின் யோசிக்கவே இல்லை. “ரயில் போனா கட்டில் ஆடும். அம்மா என்ட காதைப் பொத்திப் பிடிப்பா. பிறகு கடல் மட்டும் கேக்கும்.”

அவள் அந்தக் கட்டிலில் ஒரு நாளும் படுத்ததில்லை. பகலில் இரண்டு தடவை வந்து போனதோடு சரி.

ஆசிரியை அவளுடைய கன்னத்தைத் தடவினார். அவர் கண்ணில் ஒரு ஈரம் கூட இருந்தது. கோப்புக்காரர் படிவத்தில் ஏதோ ஒரு கட்டத்துக்குள் சரி போட்டார். மாமி தேநீர் கொண்டுவந்தார்.

திரும்பும் வழியில் ஆட்டோவுக்குள் ஷெரின் என் மடியில் சாய்ந்துகொண்டு, “நான் நல்லா சொன்னேனா அம்மா?” என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து, நல்லா சொன்னாய் என்று முத்தமிட்டேன். வெள்ளைத்தாள்காரர் சொன்ன அந்தத் தாளில் நான் என் கையால் எழுதிய வரி அது.

அப்போது எனக்கு வெட்கம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாக இருந்தது. என்ன கெட்டிக்காரப் பிள்ளை என்று அன்ரனும் நானும் இரண்டு நாள் சிரித்தோம்.

முற்றத்தில் காயாத உடுப்பு

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சுகந்தியின் கடிதம் என் முன்னால். என் பேனை மூன்றாவது பந்தியின் மேல்.

அவள் காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தாள். மாமி வீட்டுக்கு அடுத்த வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, கணவனோடும் மகளோடும் ஏழு வருடமாக இருந்தாள். இதை நான் அன்றைக்குத்தான், அந்தக் கடிதத்தில்தான் அறிந்தேன். சொந்த வீட்டுக்காரரை விட வாடகைக்காரருக்குப் புள்ளி குறைவு. ஆகக் கடைசி இடத்துக்கு அடுத்த இடத்தில் அவளுடைய மகளின் பெயர் நின்றது. முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு முகம் வந்துவிட்டது. அது என் வகுப்பில் முதல் வரிசையில் இருக்கும் முகம்.

அவளுடைய கடிதம் நல்ல கடிதம். யாரையும் திட்டவில்லை, அழவில்லை. தான் கண்டதை எழுதி, வந்து பாருங்கள் என்று கேட்டிருந்தாள்.

அப்போது நான் செய்திருக்கக்கூடியது பல. எனக்கு நேரமில்லை என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தியிருக்கலாம். நான் என் படிப்பை எடுத்தேன்.

“இது உங்களுக்குத் தெரியுமா சுகந்தி, இல்லாட்டி நினைக்கிறீங்களா?” என்று வீட்டு இலக்கம் இருந்த வரியைத் தொட்டுக் கேட்டேன்.

“தெரியும் மிஸ். அந்த வீட்டில வயசான அம்மா ஒராள் மட்டும்தான்.”

“நீங்க காண்றது முற்றத்தை. உள்ளுக்கு யார் இருக்கினம் எண்டு எப்படித் தெரியும்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “பிள்ளை இருந்தா உடுப்பாவது காயுமே மிஸ். ஏழு வருசத்தில ஒரே ஒரு நாள்தான் சின்ன உடுப்பு காய்ஞ்சது.”

வகுப்பில் எவராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் வெண்கட்டியை வைத்துவிட்டுக் கை தட்டியிருப்பேன். வெள்ளைத்தாள்காரரை இதைவிடச் சுத்தமாக யாரும் விளங்கிக்கொள்ள முடியாது. ஏழு வருடம் தினமும் கண்ட ஒன்று. அறிவு என்பது அதுதான்.

நான் அடுப்படிக்காரரை அவள்மேல் ஏவினேன். கண் ஏமாற்றும் என்றேன். சந்தேகிக்க இடமிருக்கும் வரை தெரியும் என்று எழுதக்கூடாது என்றேன். பிறகு, அது போதாதென்று பட்டதும், தத்துவத்தை விட்டுவிட்டுப் பயத்தைக் கையில் எடுத்தேன். அவதூறு என்று அந்த வீட்டுக்காரர் வழக்குப் போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

சுகந்தியின் முகம் சுருங்கியது. “அப்ப வெட்டுங்க மிஸ். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

வெட்டினேன். நேர்கோடு, அடிமட்டம் வைத்தது போல. அந்த இடத்தில், எமது குடும்ப நிலையைக் கருணையோடு கவனத்தில் எடுக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். உரிமை கேட்டு வந்த கடிதம் இரக்கம் கேட்டுத் திரும்பிப் போனது.

அடுத்த ஞாயிறு அவள் எனக்கு ஒரு பிளவுஸ் துணி கொண்டுவந்தாள். நன்றிக்காம். மரக்கலர், ஓரத்தில் மெல்லிய கரை. மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. இல்லை.

அவளுடைய மகளுக்குத் தெமட்டகொடைப் பக்கம் ஒரு பாடசாலையில் இடம் கிடைத்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பிள்ளையோடு அலைந்து அலைந்து சுகந்தி முதலில் கட்டுரைகள் கொடுப்பதை நிறுத்தினாள், பிறகு வகுப்பை நிறுத்தினாள். ஷெரினோ விடியற்காலையில் கொட்டாஞ்சேனையில் பாடசாலை வானில் ஏறி, கொழும்பின் பாதியைக் கடந்து, சுகந்தியின் வீட்டு ஒழுங்கையைத் தாண்டிப் பாடசாலைக்குப் போனாள்.

தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது விண்ணப்பப் பொய்யைச் சொன்னேன். சுவாமி சில செபங்கள் சொல்லச் சொன்னார், சொன்னேன். கடிதத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதை நான் பாவக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரு மாணவிக்குத் திருத்தம் செய்து கொடுத்ததாகவே வைத்திருந்தேன்.

மூன்று நாலு வருடம் கழித்து நாங்கள் உண்மையாகவே வெள்ளவத்தைக்குக் குடிவந்தோம். வீட்டுச் சாமான்களை இறக்கியபோது, இனிப் பொய் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. பின்னால் வந்து சேர்ந்த உண்மை முன்னால் சொன்ன பொய்யைக் கழுவும் என்று எந்த ஞானியும் சொல்லவில்லை. அதை நானாகக் கண்டுபிடித்தேன்.

ஆனால் அந்தப் புடவைக்கடை வரும்போது மட்டும் காலி வீதியைக் கடந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவேன். வாகன நெரிசலில் கடந்து, ஐம்பது மீற்றர் நடந்து, திரும்பவும் கடந்து வருவேன். சுகந்தி வகுப்பை விட்ட நாளிலிருந்து இப்படிப் பத்து வருடத்துக்கு மேல்.

அந்தப் பிள்ளைக்கு எந்த ஸ்கூல்?

ஷெரினுக்கு இப்போது பதினேழு வயது. உயர்தரம் படிக்கிறாள். சில கிழமைகளுக்கு முன் பாடசாலையில் ஒரு விவாதம். மனிதன் இயல்பில் நல்லவனா என்பது தலைப்பு. பின்னேரம் சமையலறையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் மேசையில் ஏறி இருந்துகொண்டு, என் பழைய குறிப்புகளைப் புரட்டினாள். பட்டப்பெயர்களைப் பார்த்துச் சிரித்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஜெனீவாக்காரர் பக்கம் என்றாள். அப்படியென்றால் நல்ல உதாரணம் ஒன்று வேண்டும் என்றேன்.

“என்னையே சொல்லலாம்” என்றாள். “மாமி வீட்டில ரயில் கதை சொன்னன்தானே.”

என் கையில் கீரைத்தண்டு.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நாட்காட்டி கூட. நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தோம். வெள்ளைத்தாள்காரரைப் படித்தவள் அப்படி நினைத்திருக்கக்கூடாது.

“எனக்குப் பொய் சொல்ல ஆசை இருக்கேல்ல அம்மா. உங்கட முகத்தில பயம் தெரிஞ்சது. நான் சொன்னா அது போகும் எண்டு நினைச்சன். போச்சுது. எனக்குச் சந்தோசமா இருந்தது.” அவள் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “நல்ல மனசாலதான் அந்தப் பொய் வந்தது. அப்ப ஜெனீவாக்காரர் சொன்னது சரிதானே?”

நான் குனிந்து கீரையையே பார்த்தேன்.

“பக்கத்து மாடியில ஒரு பிள்ளை நிண்டது” என்றாள். “என்ட வயசு இருக்கும். கம்பியைப் பிடிச்சுக்கொண்டு என்னையே பார்த்தது. நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை எண்டு அதுக்குத் தெரியும், சொல்லிப்போடும் எண்டு எனக்குப் பயம். அந்தப் பிள்ளைக்கு எந்த ஸ்கூல் கிடைச்சது அம்மா?”

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்த ஒரு சொல்லை அவளுக்குச் சொன்னால் எல்லாம் பழையபடி போய்விடும். அவள் விவாதத்துக்குப் போவாள், நான் கீரையை அடுப்பில் வைப்பேன்.

சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை, சிவப்புக் கோட்டை, பிளவுஸ் துணியை.

ஷெரின் மேசையிலிருந்து இறங்கினாள். என்னைத் திட்டவில்லை. குறிப்புப் புத்தகத்தை மூடி என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். விவாதப் பட்டியலில் தன் பெயரை அவளே வெட்டிக்கொண்டாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து என்னோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறாள். சாப்பாடு இருக்கா. போயிட்டு வாறன். அவ்வளவுதான்.

இவ்வளவு நடந்த பிறகும் சென்ற வாரம் வகுப்பறைப் பெருமையை எழுதி அனுப்பினேன். அதுவும் என் கைதான்.

லைனிங் துணி

போன வெள்ளிக்கிழமை, பத்து வருடத்துக்கு மேல் கழித்து, நான் காலி வீதியைக் கடக்கவில்லை. நேரே புடவைக்கடைக்குள் போனேன்.

அவள் உள்ளே லைனிங் துணி வெட்டும் மேசையில் நின்றாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “மிஸ்! எவ்வளவு காலம்” என்றாள். அந்த மலர்ச்சியைப் பார்த்துக்கொண்டு பேசுவதுதான் மிகவும் கடினமாக இருந்தது.

பையிலிருந்து பிளவுஸ் துணியை எடுத்து மேசையில் வைத்தேன். தைக்காமலே அலுமாரியில் இருந்தது, மடிப்பில் ஒரு மஞ்சள் கோடு. பிறகு சொன்னேன். அந்தப் பதினேழாம் இலக்க வீட்டுப் பிள்ளை என் பிள்ளை. நான் அந்த வரியை வெட்டியது அதற்காக.

இடையில் ஒரு சிங்களப் பெண் வந்து வெள்ளை லைனிங் இரண்டு மீற்றர் கேட்டாள். சுகந்தி அளந்தாள், வெட்டினாள், மடித்துக் கொடுத்தாள். நான் நின்றேன்.

அந்தப் பெண் போன பிறகு சுகந்தி கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

“நீங்கதான் எண்டு எனக்குத் தெரியாது மிஸ்” என்றாள் மெதுவாக. “தெரிஞ்சா உங்களிட்டக் கொண்டு வந்திருப்பனா?”

நான் ஏதோ மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

“நான் அண்டைக்கு வீட்டுக்குப் போய் யோசிச்சன். ஏழு வருசமாப் பார்த்ததை மிஸ் தெரியாது எண்டுறா. அப்ப எனக்கு ஒண்டும் விளங்கேல்லயாக்கும் எண்டு நினைச்சன். படிப்பை விட்டது பஸ்ஸால மட்டும் இல்லை மிஸ். எனக்கு இந்தப் பாடம் ஏலாது எண்டு நினைச்சன்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இடத்தைத் தட்டிப் பறித்தேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவளுடைய கண்ணையும் அவளிடமிருந்து பறித்திருக்கிறேன்.

மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாளாம், வர்த்தகப் பிரிவில் படிக்கிறாளாம். என் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும். தராசுக்காரர் எனக்குள் தட்டை எடுத்திருக்க வேண்டும். சுகந்தி அதைக் கண்டுவிட்டாள்.

“அவ நல்லா இருக்கிறது வேற கதை” என்றாள்.

துணியைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். கொடுத்தது கொடுத்ததுதான், தான் எடுக்கமாட்டேன் என்றாள். அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். நான் திரும்பும்போது கூப்பிட்டாள்.

“உங்கட பக்கத்தை ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறனான். போன கிழமை, மாணவருக்கு உண்மையைத் தேடப் படிப்பிச்சன் எண்டு எழுதியிருந்தீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. “நீங்க வெட்டின அந்த வரி எனக்கு மனப்பாடம் மிஸ். ஒரு துண்டுத் தாள் தாங்க.”

நான் கொடுத்த துண்டில், லைனிங் துணிச் சுருளின்மேல் வைத்து, பழைய வட்ட எழுத்தில் நிறுத்தாமல் எழுதினாள். “இதை அங்க போடுங்க. நீங்க திருத்த வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை ஷெரினிடம் காட்டினேன். வாசித்தாள். போடுவீங்களா என்று கேட்டாள். போட்டால் பாடசாலையில் அவளைக் கதைப்பார்கள், அப்பாவின் வேலையிடத்திலும் கதைப்பார்கள் என்றேன். மற்றவர்களின் பெயரை மாற்றலாம், உன் பெயரையும் மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“என்டதை மாத்த வேண்டாம்” என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசிய ஒரு வசனம்.

சுகந்தி எழுதியது இது. நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

“எமது ஒழுங்கையில் உள்ள பதினேழாம் இலக்க வீட்டில் சிறுபிள்ளை எவரும் வசிக்கவில்லை. அவ்வீட்டு முற்றத்தை எமது சமையலறை யன்னலிலிருந்து நான் தினமும் காண்கிறேன்.”